ஒரு ஃபிரேம், நாலு பிராசசர்: எந்தக் கட்டம் யாருக்கு?

2011-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 2 போனின் திரை 480-க்கு 800 பிக்சல். அதை 16-க்கு 16 பிக்சல் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினால் குறுக்கே 30, நெடுக்கே 50, மொத்தம் சரியாக 1500 கட்டம் வரும். அந்தப் போனில் இருந்த எக்ஸினோஸ் 4210 சிப்புக்குள் மாலி-400 எம்பி4 என்ற ஜிபியு, அதாவது படம் வரையும் பாகம், இருந்தது. அது திரையை இப்படித்தான் வெட்டிக்கொள்ளும். பிக்சலுக்கு வண்ணம் தீட்டுவதற்கென்றே அதற்குள் நாலு பிராசசர்கள், ஆளுக்கு 375 கட்டம்.

1500-ஐ நாலால் வகுப்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்து ஒரே படத்தை வரைய வைக்க இருபது வருடத்துக்கு மேல் முயன்று, கடைசியில் கைவிட்டார்கள். கையடக்கப் போனில் அதே வேலை யாருக்கும் தெரியாமல் ஓசையின்றி நடந்தது. ஏன் இங்கே முடிந்தது, அங்கே முடியவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இன்றைக்கு ஜிபியு சிப்புகளைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டுகிறார்களே, அதில் எது எளிது, எது கடினம் என்பதும் புரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். கேம் ஒன்று ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் தோன்றும் ஒரு முழுப் படத்துக்கு, லட்சக்கணக்கான முக்கோணங்களை ஜிபியுவிடம் கொடுக்கிறது. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் திரையில் எங்கே விழும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும், இது ஜியோமெட்ரி வேலை. அப்புறம் அந்த முக்கோணம் எந்தெந்த பிக்சல்களை மூடுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்ட வேண்டும், இது பிக்சல் வேலை. பிக்சல் வேலையைப் பிரிப்பது சுலபம், ஏனென்றால் இந்த பிக்சலின் வண்ணத்துக்கும் பக்கத்து பிக்சலின் வண்ணத்துக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சிக்கல் முக்கோணத்தில்தான். ஒரு முக்கோணம் திரையின் எந்த மூலையில் விழும் என்பது ஜியோமெட்ரி வேலை முடிந்த பிறகுதான் தெரியும். தெரிவதற்கு முன்னால் அதை யாரிடம் கொடுப்பது?

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, வரிசை. புரோகிராம் எந்த வரிசையில் முக்கோணங்களைக் கொடுத்ததோ அதே வரிசையில் வரைந்த மாதிரி முடிவு இருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் மரம் தெரிகிறது என்றால் மரம் முதலில், கண்ணாடி அப்புறம். மாற்றி வரைந்தால் வண்ணம் தப்பாகிவிடும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இலையில் சாம்பாருக்கு அப்புறம்தான் ரசம், ரசத்துக்கு அப்புறம்தான் மோர். அந்த வரிசை இலைக்கு இலை காப்பாற்றப்பட்டால் போதும். கடைசி வரிசையில் சாம்பார் வரும்போது முதல் வரிசையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தால் தப்பே இல்லை. கிராபிக்ஸிலும் அப்படித்தான், வரிசை பிக்சலுக்கு பிக்சல் காப்பாற்றப்பட்டால் போதும். பல பிராசசர்களை வைத்துப் படம் வரையலாம் என்ற நம்பிக்கையே இந்தச் சின்னச் சலுகையின் மேல்தான் நிற்கிறது.

முக்கோணங்களை எந்த இடத்தில் பிரித்து அனுப்புவது என்பதை வைத்து மூன்று வழிகள் உண்டு என்று 1994-ல் ஸ்டீவன் மோல்னார், மைக்கேல் காக்ஸ், டேவிட் எல்ஸ்வொர்த், ஹென்றி ஃபுக்ஸ் நால்வரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வகைப்படுத்தியது. முப்பது வருடம் கழித்தும் இந்தத் துறையில் எல்லோரும் அந்த வகைப்பாட்டை வைத்துத்தான் பேசுகிறார்கள். முதல் வழி, ஜியோமெட்ரிக்கு முன்பே பிரிப்பது. திரையை ஆளுக்கு ஒரு பாகமாகக் கொடுத்துவிட்டு, எந்த முக்கோணம் யார் பாகத்தில் விழும் என்று குத்துமதிப்பாக முன்கூட்டியே பார்த்து அனுப்புவது. இரண்டாவது, ஜியோமெட்ரி முடிந்து, பிக்சல் வேலை தொடங்குவதற்கு முன்னால் நடுவில் பிரிப்பது. மூன்றாவது, ஆளுக்குக் கொஞ்சம் முக்கோணங்களைக் கொடுத்து ஒவ்வொருவரும் முழுத் திரையையும் வரையட்டும், கடைசியில் பிக்சலுக்கு பிக்சல் ஆழத்தை ஒப்பிட்டு யாருடையது முன்னால் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம் என்பது.

மூன்றாவது வழி கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே திரையில் 82,94,400 பிக்சல். வண்ணத்துக்கு 4 பைட், ஆழத்துக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 66 எம்பி. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு பிராசசர் மட்டும் கிட்டத்தட்ட 4 ஜிபியை நொடிதோறும் இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் மேலே சொன்ன கண்ணாடி ஜன்னல் பிரச்சினை தீராது, ஏனென்றால் வரிசை குலைந்துவிட்டது. அதனால் கேம்களுக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. மிச்சம் முதலும் நடுவும்.

இப்போது மேசைக் கம்ப்யூட்டர் கதைக்கு வருவோம். 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 கார்டை விற்றது. இரண்டு கார்டுகளை வாங்கி ஒரு கேபிளால் இணைத்தால் ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரையும். ஒரு கார்டுக்கு 800-க்கு 600 வரைதான் முடியும் என்றிருந்தது, இரண்டு சேர்ந்தால் 1024-க்கு 768 வரை போனது. இவ்வளவு எளிமையான ஏற்பாடு எப்படி வேலை செய்தது? அந்தக் காலத்தில் ஜியோமெட்ரி கணக்கைச் சிபியுதான் போட்டது. முக்கோணம் கார்டுக்கு வரும்போதே திரையில் எங்கே என்பது தெரிந்துதான் வந்தது. கார்டுக்கு மிச்சம் பிக்சல் வேலை மட்டும். அதாவது பிரிக்கச் சுலபமான பாதியை மட்டும்தான் பிரித்தார்கள்.

மறுவருடமே, 1999-ல், என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்தது. ஜியோமெட்ரி கணக்கும் ஜிபியுவுக்குள் போய்விட்டது. அந்த நிமிடத்திலிருந்து வரி பிரிக்கும் தந்திரத்தின் பலன் குறையத் தொடங்கியது. ஏனென்றால் எந்த முக்கோணம் எந்த வரியில் விழும் என்று தெரியாமல் இரண்டு கார்டுகளும் எல்லா முக்கோணத்துக்கும் ஜியோமெட்ரி கணக்கைப் போட வேண்டும், போட்டுவிட்டுப் பாதியைத் தூக்கி எறிய வேண்டும். பிக்சல் வேலை பாதியாகும், ஜியோமெட்ரி வேலை துளிகூடக் குறையாது. கேம்களில் முக்கோணங்கள் பெருகப் பெருக இரண்டாவது கார்டுக்குக் கொடுத்த காசு வீணாகிக்கொண்டே வந்தது.

அதற்குக் கண்டுபிடித்த மாற்று, ஃபிரேமைப் பிரிக்காமல் ஃபிரேம்களைப் பிரிப்பது. ஒற்றைப்படை ஃபிரேம் இவனுக்கு, இரட்டைப்படை ஃபிரேம் அவனுக்கு. 1999-லேயே ஏடிஐ நிறுவனம் ரேஜ் ஃப்யூரி மேக்ஸ் என்ற கார்டில் இரண்டு சிப்புகளை வைத்து இப்படிச் செய்தது. வூடூ2-ன் இரட்டைக் கார்டு ஏற்பாட்டுக்கு 3டிஎஃப்எக்ஸ் வைத்திருந்த எஸ்எல்ஐ என்ற பெயரை 2004-ல் என்விடியா மறுபடி கொண்டுவந்தபோதும், அடுத்த வருடம் ஏடிஐ கிராஸ்ஃபயர் கொண்டுவந்தபோதும் பெரும்பாலான கேம்களில் நடந்தது இதுதான். ஃபிரேம் எண்ணிக்கை இரட்டிப்பாகும், விளம்பரத்தில் போட அழகான எண். ஆனால் விளையாடுகிற கைக்கு அது தெரியாது. ஒரு ஃபிரேம் தயாராக எடுக்கும் நேரம் குறையவே இல்லையே! அதோடு இரண்டு கார்டுகளும் சம இடைவெளியில் ஃபிரேமைத் தள்ளும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஒரு ஃபிரேம் 5 மில்லிசெகண்டில், அடுத்தது 28 மில்லிசெகண்டில் என்று வந்தால் சராசரி பிரமாதமாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் படம் தத்தித் தத்தி நடக்கும். பிறகு வந்த கேம்கள் போன ஃபிரேமின் படத்தை எடுத்து இந்த ஃபிரேமைச் சீராக்கத் தொடங்கின. போன ஃபிரேம் அடுத்த கார்டின் மெமரியில் அல்லவா இருக்கிறது? அது வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அதோடு கதை முடிந்தது. 2021 தொடக்கத்திலிருந்து எஸ்எல்ஐக்குப் புதிய கேம் அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கார்டுக்கும் தனித்தனி மெமரி. ஒரே டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் ஒட்டும் படம், இரண்டிலும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒருவர் கணக்கிட்டதை இன்னொருவர் பார்க்க வேண்டுமென்றால் மதர்போர்டைக் கடந்து போய் எடுத்துவர வேண்டும். ஃபிரேமுக்கு நடுவில் வேலையைக் கை மாற்றிக்கொள்ளவே முடியாத தூரம் அது.

ஒரே சிப்புக்குள் வந்தால் அந்தத் தூரம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மெமரி, ஒரே எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி. அதனால்தான் மாலி-400 நடு வழியை எடுக்க முடிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

மாலி-400-ல் ஜியோமெட்ரி பிராசசர் ஒன்றே ஒன்றுதான், பிக்சல் பிராசசர்கள் ஒன்றிலிருந்து நாலு வரை. ஃபிரேம் தொடங்கியதும் ஜியோமெட்ரி பிராசசர் எல்லா முக்கோணங்களையும் வரிசையாக எடுத்து, முனைகளைக் கணக்கிட்டு, அது எந்தெந்தக் கட்டங்களைத் தொடுகிறது என்று பார்த்து, அந்தந்தக் கட்டத்தின் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டே போகும். ரேஷன் கடையில் கார்டு வாரியாகப் பேரேடு எழுதுவது மாதிரி. பட்டியல்கள் மெமரியில் இருக்கும். எழுதிக்கொண்டே போகும்போது இடம் தீர்ந்துவிட்டால் ஜியோமெட்ரி பிராசசர் நின்று, ஜிபியுவை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழைக்கும், டிரைவர் மெமரியைக் கூட்டிக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். திரை பெரிதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்து ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியல்தான் மொத்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். ஜியோமெட்ரி பிராசசர் ஒன்றே ஒன்று என்பதால் முக்கோணங்கள் பட்டியலில் வந்த வரிசையிலேயே விழுகின்றன. வரிசைப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒரு பிக்சல் பிராசசர்தான் எடுக்கிறது என்பதால் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவே வேண்டியதில்லை. 16-க்கு 16 கட்டத்தின் வண்ணம் 1024 பைட்தான், அதனால் அந்தக் கட்டத்தை முழுக்கச் சிப்புக்குள்ளேயே வைத்து வரைந்து முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை மெமரிக்கு எழுதினால் போதும். பேட்டரியில் ஓடும் போனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சரி, எந்தக் கட்டம் யாருக்கு? மாலி-400-க்கான திறந்தமூல லினக்ஸ் டிரைவர் லிமா, 2019-ல் லினக்ஸ் 5.2-ல் சேர்க்கப்பட்டது. அதன் மறுபாதி மேசா என்ற திறந்தமூல கிராபிக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த நிரலைத் திறந்து பார்த்தால் இதற்கு விடை சில வரிகளில் இருக்கிறது. கட்டங்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்ணாமல் ஹில்பர்ட் வளைகோட்டின் வழியே எண்ணுகிறார்கள். கையெடுக்காமல் இழுக்கும் கம்பிக் கோலம் மாதிரி எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை தொட்டு, எப்போதும் பக்கத்துக் கட்டத்துக்கே போகும் கோடு அது. அந்த வரிசையில் முதல் கட்டம் முதல் பிராசசருக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு, நாலு பேருக்கும் கொடுத்த பிறகு மறுபடி முதலாமவருக்கு. சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுகிற மாதிரிதான்.

ஏன் திரையை நாலு பெரிய பாகமாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுக்கவில்லை? கேமில் மேல் பாதி வெறும் வானம், கீழ்ப் பாதியில் சண்டை என்று இருந்தால் வானம் வாங்கியவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சீட்டுப் போட்டால் வானமும் சண்டையும் எல்லோருக்கும் கலந்து வரும். இன்னொரு நன்மையும் உண்டு. எந்த நேரத்தில் பார்த்தாலும் நாலு பேரும் திரையின் ஒரே வட்டாரத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் ஒருவர் எல்2 கேஷுக்குக் கொண்டுவந்த டெக்ஸ்சர் மற்ற மூவருக்கும் பயன்படும். இரண்டு தனித்தனி கார்டுகளால் இது முடியவே முடியாது. எனக்கு இந்தச் சில வரி நிரல் மேல் தனி மரியாதை.

என்னிடம் ஆல்வின்னர் எச்3 சிப் போட்ட ஆரஞ்சு பை போர்டு ஒன்று இருக்கிறது. அதில் மாலி-400 எம்பி2, அதாவது பிக்சல் பிராசசர் இரண்டு. லிமா டிரைவரோடு லினக்ஸ் போட்டுவிட்டு, இன்டரப்ட் (சிப்பின் பாகங்கள் சிபியுவுக்கு அடிக்கும் மணி) எண்ணிக்கைகளைக் காட்டும் ப்ராக் கோப்பைத் திறந்தால் ஒரே ஜிபியுவுக்கு ஆறு வரி இருக்கும்: ஜிபி, ஜிபி எம்எம்யு, பிபி0, பிபி எம்எம்யு0, பிபி1, பிபி எம்எம்யு1. ஜியோமெட்ரி பிராசசருக்கும் (ஜிபி) ஒவ்வொரு பிக்சல் பிராசசருக்கும் (பிபி) தனித்தனி இன்டரப்ட், மெமரி முகவரியை மொழிபெயர்க்கத் தனித்தனி எம்எம்யு. வெளியிலிருந்து ஒரே ஜிபியு என்கிறோமே, டிரைவர் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு சின்னக் கூட்டுக்குடும்பம். ஏதாவது 3டி புரோகிராமை ஓடவிட்டு அந்தக் கோப்பை நொடிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருந்தால் பிபி0, பிபி1 இரண்டின் எண்ணிக்கையும் கைகோத்துக்கொண்டு ஏறும். 1920-க்கு 1080 திரையில் 8160 கட்டம், ஆளுக்கு 4080. தன் பங்கை முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு முறை மணி அடிப்பார்கள். டிரைவர் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மணி அடிக்க அடிக்க ஒன்றொன்றாகக் குறைத்து, பூஜ்யம் ஆனதும் ஃபிரேம் முடிந்தது என்று அறிவிக்கும். ஒருங்கிணைப்பு என்று பெரிய வார்த்தையில் நாம் சொல்வது கடைசியில் இந்த ஒரு கழித்தல்தான்.

ஆனால் அந்தக் கழித்தலில்தான் ஒரு பலவீனமும் இருக்கிறது. கடைசி ஆள் மணி அடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சீட்டுப் போட்டாலும் சில ஃபிரேம்களில் கனமான கட்டங்கள் ஒருவர் பக்கமே சேர்ந்துவிடும். யாருக்கு எது என்பது ஃபிரேம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டதால் சும்மா இருப்பவர் கை கொடுக்க வழியில்லை. அடுத்து வந்த மாலி-450-ல் எட்டு பிக்சல் பிராசசர் வரை வைக்கலாம் என்றானதும் இரண்டு புதிய பாகங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, டிரைவர் ஒரு முறை எழுதினால் எல்லாப் பிக்சல் பிராசசருக்கும் போய்ச் சேரும் ஒலிபரப்புப் பாகம். இன்னொன்று, அடுத்த கட்டம் எது என்று பிராசசர்கள் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கும் பாகம். டோக்கன் கவுண்டர் மாதிரி, முடித்தவர் வந்து அடுத்த டோக்கனை வாங்கிப் போகலாம். பங்கு பிரிக்கும் பொறுப்பு மென்பொருளிடமிருந்து சிப்புக்குக் கை மாறியது இங்கேதான்.

அடுத்த பலவீனம் இன்னும் ஆழமானது. ஜியோமெட்ரி பிராசசர் ஒன்றுதான். ஒரு ஃபிரேமின் ஜியோமெட்ரிக்கு 4 மில்லிசெகண்ட், பிக்சல் வேலைக்கு ஒரே பிராசசரில் 12 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிக்சல் பிராசசர்கள் இந்த ஃபிரேமை வரையும்போதே ஜியோமெட்ரி பிராசசர் அடுத்த ஃபிரேமின் பட்டியலை எழுதத் தொடங்கிவிடலாம், அதனால் இரண்டில் எது மெதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். மூன்று பிக்சல் பிராசசர் போட்டால் 12 மில்லிசெகண்ட் 4 ஆகிவிடும், ஜியோமெட்ரியோடு சமம். நாலாவது போட்டால் ஒரு பலனும் இல்லை, அது சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். முக்கோணங்கள் குறைவாக இருந்த 2011 கேம்களுக்கு இது பரவாயில்லை. ஆனால் எத்தனை பிக்சல் பிராசசரைச் சேர்த்தாலும் ஒற்றை ஜியோமெட்ரி பிராசசர் வாசலில் கூட்டம் கூடிக்கொண்டேதான் போகும்.

அதே காலத்தில் இமாஜினேஷன் நிறுவனம் வேறு பாதையில் போனது. அதன் பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ்543எம்பி ஜிபியுவில் பிக்சல் பாகத்தை மட்டும் பெருக்காமல், ஜியோமெட்ரியும் பிக்சலும் இரண்டும் தெரிந்த முழு கோர்களையே பெருக்கினார்கள். 2011-ல் ஐபேட் 2-ன் ஏ5 சிப்பில் இரண்டு கோர். பிளேஸ்டேஷன் வீட்டாவில் நாலு. 2012-ல் வந்த ஐபேடில் திரை 2048-க்கு 1536 ஆனது, அதாவது பிக்சல் எண்ணிக்கை நாலு மடங்கு, அதற்காக ஏ5எக்ஸ் சிப்பில் கோர்களை நாலாக்கினார்கள். மாலியை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் பக்கமும் 2012-ல் நெக்ஸஸ் 10-ல் வந்த மாலி-டி604-ல் ஜியோமெட்ரிக்கு ஒரு பிராசசர், பிக்சலுக்கு வேறு பிராசசர் என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். எல்லா ஷேடர் கோரும் (கணக்குப் போடும் பாகம்) எல்லா வேலையும் செய்யும், வேலையைப் பங்கு போடச் சிப்புக்குள்ளேயே ஒரு ஜாப் மேனேஜர். பட்டியல் எழுதும் பாகம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. வரிசையைக் காக்க யாராவது ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும், அந்தத் தேவை எங்கேயும் போய்விடவில்லை.

பெரிய ஜிபியுக்களிலும் இதே போராட்டம்தான், வடிவம் மட்டும் வேறு. அவை மாலி மாதிரி முழு ஃபிரேமுக்கும் பட்டியல் எழுதிவிட்டு வரைவதில்லை, முக்கோணம் வர வர வரைந்துகொண்டே போகும். ரொம்ப நாளாக அவை ஒரு கிளாக்குக்கு, அதாவது சிப்பின் ஒரு துடிப்புக்கு, ஒரு முக்கோணம் என்ற வேகத்தைத் தாண்டவே இல்லை. 2010-ல் என்விடியாவின் ஜிஎஃப்100 சிப், ஃபெர்மி என்று பெயர், அதைத் தாண்டியது. ஜியோமெட்ரிக்கு 16 பாகங்கள், முக்கோணத்தை பிக்சலாக்க நாலு ராஸ்டர் பாகங்கள். 16 இடத்தில் ஒரே நேரத்தில் கணக்கிட்டால் முக்கோணங்கள் தாறுமாறான வரிசையில் முடியும். அவற்றை மறுபடி வரிசைக்குக் கொண்டுவந்து, திரையில் எங்கே விழுகிறது என்று பார்த்து, நாலு ராஸ்டர் பாகத்தில் சரியான ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். சிப்புக்கு நடுவில் எல்லாப் பக்கத்திலிருந்தும் எல்லாப் பக்கத்துக்கும் போகும் ஒரு நாற்சந்தி அது, ஒவ்வொரு கிளாக்கிலும் நெரிசல். ஒரே சிலிக்கானில் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதால் மட்டுமே அது சாத்தியமானது.

இப்போது அந்த நாற்சந்தியின் நடுவே சிப்பை வெட்டினால் என்ன ஆகும்? இன்றைய பிரச்சினை இதுதான். லித்தோகிராஃபி இயந்திரம் ஒரு முறையில் அச்சடிக்கக்கூடிய பரப்பு 26-க்கு 33 மில்லிமீட்டர், 858 சதுர மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய சிப் வேண்டுமென்றால் இரண்டாகச் செய்து ஒட்டத்தான் வேண்டும். பெரிய சிப்பில் ஒரு குறை விழுந்தால் மொத்தமும் வீண் என்பதால் சின்னத் துண்டுகளாகச் செய்வதில் காசும் மிச்சம்.

2022 டிசம்பரில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்தது. அது ஒரு பெரிய துண்டு, சுற்றிலும் ஆறு சின்னத் துண்டுகள். ஆனால் எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். மெமரியை ஒட்டிய கேஷும் மெமரி கன்ட்ரோலரும் சின்னத் துண்டுகளுக்குப் போயின. ஜியோமெட்ரி, ராஸ்டர், ஷேடர் எல்லாம் ஒரே துண்டில், நாற்சந்தி முழுசாக அப்படியே இருந்தது. சரியான இடத்தில்தான் வெட்டினார்கள் என்பது என் எண்ணம்.

அதே வருடம் மார்ச்சில் ஆப்பிள் எம்1 அல்ட்ரா வந்தது. இரண்டு எம்1 மேக்ஸ் சிப்புகளை ஒட்டிச் செய்தது, ஜிபியு கோர் மொத்தம் 64, புரோகிராம்களின் கண்ணுக்கு ஒரே ஜிபியு. இரண்டுக்கும் நடுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிக்னல் இணைப்புகள், நொடிக்கு 2.5 டெராபைட். அந்தச் சிப்பின் மெமரி வேகமே நொடிக்கு 800 ஜிபிதான். நடுவில் உள்ள பாலம் மெமரியைவிட மூன்று மடங்கு அகலம் என்றால், தனக்கு வேண்டியது எந்தப் பாதியின் மெமரியில் இருக்கிறது என்று கோர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு, ஆப்பிள் ஜிபியுக்கள் கட்டம் கட்டமாக வரைபவை. முக்கோணப் பட்டியல் மெமரியில் எழுதப்பட்ட பிறகுதான் பிக்சல் வேலை தொடங்குகிறது என்பதால் பாலத்தைக் கடக்க வேண்டிய அவசரம் குறைவு. அல்ட்ரா சாத்தியமானதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஏஐக்கு விற்கும் ராட்சதச் சிப்புகளில் மட்டும் இது எப்படிச் சாதாரணமாக நடக்கிறது? 2023 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸில் எட்டுக் கணக்குத் துண்டுகள், வெளியே ஒரே ஜிபியு. 2024-ல் என்விடியா அறிவித்த பிளாக்வெல் தலைமுறை பி200-ல் இரண்டு முழு அளவுத் துண்டுகள், நடுவில் நொடிக்கு 10 டெராபைட். அங்கே வேலை மேட்ரிக்ஸ் பெருக்கல். எந்தத் துண்டுக்கு எந்தப் பகுதி என்று தொடங்கும் முன்பே தெரியும், சாம்பார் ரசம் வரிசை கிடையாது. ஆனால் அதே பிளாக்வெல் தலைமுறையில் கேம் ஆடுபவர்களுக்கு 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-ஐப் பாருங்கள். 750 சதுர மில்லிமீட்டரில் ஒரே துண்டு. ஒட்டத் தெரிந்த நிறுவனம்தான், அவ்வளவு பெரிய சிப்பை முழுசாக அச்சடிப்பதில் உள்ள செலவும் தெரியும், இருந்தும் கிராபிக்ஸ் சிப்பை வெட்டவில்லை.

வெட்டினாலும் தீராத இன்னொரு தொல்லை, ஃபிரேமுக்குள் வரும் காத்திருப்புகள். இன்றைய கேம் ஒரு ஃபிரேமை ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் விளக்கின் பார்வையில் நிழல் படம், அப்புறம் ஆழப் படம், அப்புறம் வெளிச்சம், அப்புறம் மங்கல், மெருகு என்று பல சுற்று. நிழல் படம் முழுதும் முடிந்தால்தான் வெளிச்சச் சுற்று அதைப் படிக்க முடியும், எந்த பிக்சல் நிழல் படத்தின் எந்த மூலையைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது. ஆக ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். பத்துச் சுற்று, சுற்றுக்கு 0.3 மில்லிசெகண்ட் காத்திருப்பு என்றால் நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் கிடைக்கும் 16.6 மில்லிசெகண்டில் 3 போய்விடும். என் ஆரஞ்சு பையில் ஃபிரேமுக்கு ஒரு முறை நடக்கும் அந்தக் கழித்தல் இங்கே ஃபிரேமுக்குப் பல முறை, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நடக்க வேண்டும்.

ஜியோமெட்ரி பக்கம் மட்டும் எனக்கு உண்மையான நம்பிக்கை ஒன்று இருக்கிறது, மெஷ் ஷேடர். 2018-ல் என்விடியாவின் டூரிங் சிப்புகளில் வந்து, 2020-ல், கேம்கள் ஜிபியுவோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்டில் சேர்ந்தது. இதில் பொருளின் வடிவத்தை முன்கூட்டியே சின்னக் கொத்துகளாகக் கட்டி வைக்கிறார்கள். கொத்துக்கு 64 முனை, 126 முக்கோணம் என்பது என்விடியா பரிந்துரைத்த அளவு. ஒவ்வொரு கொத்துக்கும் அதைச் சுற்றி ஓர் உருண்டையைக் கற்பனை செய்து சேமித்து வைத்தால், உள்ளே இருக்கும் முக்கோணம் எதையும் கணக்கிடாமலே அந்தக் கொத்து திரையின் எந்தப் பக்கம் விழும் என்று ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். இரண்டு துண்டுகளும் எல்லாக் கொத்தையும் எட்டிப் பார்த்து, தன் பக்கம் விழாததை அங்கேயே விட்டுவிடலாம். நூற்றுக்கு மேற்பட்ட முக்கோணங்களின் வீண் வேலை ஒரு உருண்டைக் கணக்காகச் சுருங்குகிறது. ஜிஃபோர்ஸ் 256 வந்த நாளிலிருந்து வரி பிரிப்பவர்களை வாட்டிய அதே வீண் வேலைதான் இது. எல்லைக்கோட்டில் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் கொத்துகளை மட்டும் இரண்டு பேரும் கணக்கிட வேண்டியிருக்கும். கட்டங்களைச் சீட்டுப் போடுகிற மாதிரி சின்னதாகக் கலந்து பங்கு பிரித்தால் எல்லைக்கோடுகள் கூடிவிடும், பெரிய பாகங்களாகப் பிரித்தால் வானம் வாங்கியவர் சும்மா இருப்பார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பாகம் சரி என்பது கேமுக்குக் கேம், ஏன், ஒரே கேமில் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்.